உழவர் உதவித்தொகை: உழுபவரைச் சேர்கிறதா?

வேளாண்மைக்கு அரசு அளிக்கும் உதவி இருவகைப்படும். உரம், மின்சாரம் முதலியவற்றைக் குறைந்த விலையில் வழங்குவது ஒன்று. பணமாகவே அளிப்பது மற்றொன்று. பின்னதற்கு எடுத்துக்காட்டாகத் தெலங்கானாவில் 2018 மே மாதம் ‘ரைத்து பந்து’ திட்டம் தொடங்கப்பட்டது. பருவத்திற்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய் வழங்கப்பட்டது. 2019 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய ‘பிரதமர் கிசான்’ திட்டம், ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளில் வங்கிக் கணக்கில் சேர்ப்பது.

இவ்விரு திட்டங்களுக்கும் நில உரிமைப் பதிவேடே அடிப்படை. இதனால் பயனாளியை அடையாளம் காண்பது எளிதாகிறது, இடைத்தரகருக்கு இடமில்லை. எனினும், பதிவேட்டில் பெயர் உள்ளவரே ஏர் பிடிப்பவர் என்று கொள்வதற்கில்லை. நகரில் குடியேறிவிட்ட நில உடைமையாளருக்குத் தொகை சேர்கிறது. வாய்மொழிக் குத்தகையில் பயிரிட்டு, விதைச் செலவையும் கூலியையும், மழை பொய்த்தால் நட்டத்தையும் ஏற்பவர் விடுபடுகிறார். குத்தகையை எழுத்தில் பதிந்தால் நிலத்தின்மீது உரிமை கோரப்படுமோ என்னும் அச்சமே உடைமையாளரைத் தடுக்கிறது.

இதற்குத் தீர்வு இல்லாமலில்லை. மேற்கு வங்கத்தில் 1978-இல் தொடங்கிய ‘பர்கா’ இயக்கம் வாரதாரர்களின் பெயர்களைப் பதிவு செய்தது. ஆகவே, 2019-இல் அம்மாநிலம் தொடங்கிய ‘கிருஷக் பந்து’ திட்டத்தில் பதிவு பெற்ற வாரதாரர்களும் இடம்பெற முடிந்தது. பயிரிடுவோர் பெயர் பதிவேட்டில் ஏறினால்தான் உதவி உழுபவரை எட்டும்.