சாஃப்ட்வேர் வாங்க உள்கடன் வேணுமா?



"பொண்ணு வெப் டிசைனிங் படிக்கப் போறா, சாஃப்ட்வேர் வாங்கணுமாம்" என்று ஒரு உறுப்பினர் கடன் கேட்டால், படிப்புக்குத்தானே என்று உடனே தீர்மானம் எழுதிவிடுகிறோம். படிப்புக்குக் கொடுப்பது சரிதான். ஆனால் எந்த சாஃப்ட்வேர் என்று ஒரு வார்த்தை கேட்போம். ஏனென்றால் ஆரம்பப் பாடத்துக்கு வேண்டிய சாஃப்ட்வேர் எதற்கும் காசு கிடையாது.

வெப் பக்கம் எழுதும் மொழிக்குப் பெயர் எச்.டி.எம்.எல். அதை யாரும் விற்பதில்லை. வெப் உருவானது ஐரோப்பாவில் உள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில். அதை யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம் என்று 1993 ஏப்ரல் 30 அன்று அவர்கள் எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

எழுதிப் பழக, விண்டோஸ் கம்ப்யூட்டரிலேயே நோட்பேட் இருக்கிறது. அதில் நாலு வரி டைப் செய்து, பெயரின் கடைசியில் புள்ளி வைத்து எச்.டி.எம்.எல். என்று சேர்த்து சேமிக்க வேண்டும். பிறகு குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ திறந்தால் பக்கமாகத் தெரியும். இதுக்கு நெட்கூட வேண்டாம். கை பழகிய பின் நோட்பேட் பிளஸ் பிளஸ், விஷுவல் ஸ்டூடியோ கோட்; பி.எச்.பி. படிக்கும்போது ஸாம்ப். எல்லாமே இலவசம். இந்தப் பேரெல்லாம் நம்ம வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, இந்தப் பக்கத்தை மகளிடம் கொடுங்கள். மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் கம்ப்யூட்டர் பாடங்களைத் தமிழ்க் குரலிலும் இலவசமாகத் தருகிறது.

ட்ரீம்வீவர் மாதிரி சந்தா கட்டும் சாஃப்ட்வேரும் உண்டு. பல வரிகளை அதுவே எழுதிவிடும், கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு அது உதவி இல்லை. திருட்டுக் காப்பி போட்டுத் தர்றேன் என்பவரிடம் போகவே வேண்டாம். அதோடு வைரஸும் வந்தால் கம்ப்யூட்டரே போச்சு. பயிற்சி நிலையம் 'சாஃப்ட்வேர் கட்டணம்' என்று தனியாகக் கேட்டால், அதன் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்.

உண்மையான செலவு கம்ப்யூட்டர்தான். போனில் பாடம் பார்க்கலாம், மணிக்கணக்கில் டைப் செய்ய முடியாது. 2011 முதல் பள்ளிகளில் கொடுத்த விலையில்லா மடிக்கணினி யார் வீட்டிலாவது பெட்டிக்குள் தூங்குதா, பாருங்கள். விண்டோஸ் இழுத்துக்கொண்டு கிடந்தால் லினக்ஸ் போடலாம், அதற்கும் காசில்லை. பழைய கம்ப்யூட்டர் வாங்க என்று கேட்டால் உள்கடன் தாராளமாகக் கொடுக்கலாம். கடைக்கு மகளையும் கூட்டிப் போங்கள். அங்கேயே நோட்பேடைத் திறந்து எல்லா எழுத்தையும் அடித்துப் பார்க்கட்டும். பழைய கீபோர்டில் நாலு எழுத்து அழுந்தாது.