எஞ்ஜின் பிளாக்கைக் குடைதலும் வலுப்படுத்தலும்

கேரளக் கடலில் மழைக்காலத்தில் இழுவலைப் படகுகள் மீன்பிடிப்பதற்கு 1988-ஆம் ஆண்டு முதல் தடை விதிக்கப்பட்டு வருகிறது. 2018 முதல் இத்தடை 52 நாட்கள் நீடிக்கிறது. கொச்சியில் மட்டாஞ்சேரிக் கால்வாயை ஒட்டிய தோப்பும்படி மீன்பிடித் துறையில் படகுகள் கட்டிக் கிடக்கும் அந்நாட்களே எஞ்ஜின் பட்டறைகளுக்கு வேலை மிகுந்த காலமாகும். குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி மீனவர் பலரும் இத்துறையைத் தளமாகக் கொண்டு தொழில் செய்பவர்கள். ஆதலால் இவ்விஷயம் தமிழ் வாசகர்க்கும் அந்நியமானதன்று.

பல மாதங்கள் ஓடிய டீசல் எஞ்ஜினைப் பிரித்து அளந்தால், உருளையின் துளை வட்டமாக இராது. மேல் வளையம் உராயும் இடத்தில் தேய்வு அதிகம், அடியில் குறைவு. பிஸ்டன் பக்கவாட்டில் அழுந்தும் திசையில் துளை நீள்வட்டமாகவும் மாறியிருக்கும். இதனைக் குடைந்து மீண்டும் வட்டமாக்குவதையே பட்டறைகளில் ‘போரிங்’ என்கின்றனர். ‘துளை விரித்தல்’ என்று மொழிபெயர்க்கலாம். ஆனால் அச்சொல்லைக் கொண்டு பட்டறையில் எவரையும் அழைத்துவிட முடியாது. வழக்கமாக 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் மிகை அளவுகளில் பிஸ்டன்கள் கிடைக்கின்றன. தேய்வை நீக்கப் போதுமான மிகச் சிறிய அளவையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

எஞ்ஜினைப் பிரித்தபின், “எப்படியும் குடைகிறோம், இன்னும் சற்றுக் குடைந்தால் சக்தியும் கூடுமே” என்னும் ஆசை எழுவது இயல்பு. இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆசிரியர்கள் வகுப்பிலும் செய்து காட்டலாம். துளையின் விட்டம் 100 மி.மீ., பிஸ்டன் செல்லும் தூரம் 120 மி.மீ., சுவரின் கனம் 6 மி.மீ. எனக் கொள்வோம். ஓர் உருளையின் கனபரிமாணம் ஏறத்தாழ 942 கன சென்டிமீட்டர். விட்டத்தை 104 மி.மீ. ஆக்கினால் இது 1,019 ஆகும். கூடியது 8 சதவீதம். சுவரோ 4 மி.மீ. ஆகிவிடுகிறது. எரிவாயுவின் உச்ச அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 80 கிலோகிராம் எனில், சுவரில் தோன்றும் இழுதகைவு 667-இலிருந்து 1,040 கிலோகிராமாக, அதாவது 56 சதவீதம், உயர்கிறது. சாதாரண வார்ப்பிரும்பை ஒரே முறை இழுத்து அறுக்க 2,500 கிலோகிராம் வேண்டியிருக்கலாம். ஆயினும் இலட்சக்கணக்கான முறை ஏறி இறங்கும் பளுவை அது தாங்குவது சுமார் 1,000 வரைதான். எட்டுச் சதவீத இலாபத்துக்காக அவ்வெல்லையைக் கடந்து விடுகிறோம்.

அந்த எட்டுச் சதவீதமும் தானே வருவதன்று. பீச்சும் எண்ணெயின் அளவைக் கூட்டினால்தான் சக்தி கூடும். படகின் வேகத்துக்கு வேண்டிய சக்தி ஏறத்தாழ வேகத்தின் மூன்றாம் படியாக உயர்வதால், 8 நாட் வேகத்தில் செல்லும் படகுக்குக் கிட்டும் ஆதாயம் 0.2 நாட் மட்டுமே.

கடலில் இன்னொரு பகையும் உண்டு. சுவர் உட்புறத்திலிருந்து மட்டும் மெலிவதில்லை. குளிர்நீர் படும் வெளிப்புறத்தை உப்பு அரிக்கிறது. அதிர்வினால் தோன்றி உடையும் நீர்க்குமிழிகள் குழிகளை உண்டாக்குகின்றன. மேலும், வார்க்கும்போது அகக்கரு சற்று விலகியிருந்தால் ஒரு பக்கம் 7 மி.மீ., மறுபக்கம் 5 மி.மீ. என்று அமைந்துவிடும். ஆகவே குடைவதற்கு முன் மீயொலிக் கருவியால் சுவரின் கனத்தைப் பல இடங்களில் அளப்பது அவசியம். இதைச் செய்யாமல் குடைந்து, நடுக்கடலில் உருளைக்குள் நீர் இறங்கினால், படகை இழுத்துவர வேறொரு படகு வேண்டியிருக்கும்.

வலுப்படுத்தும் முறைகளில் எல்லாம் படகுக்குப் பொருந்துவன அல்ல. பந்தய வண்டிகளில் நீர்ச்சட்டையின் அடிப்பகுதியைச் சிமெண்டு போன்ற கலவையால் நிரப்பிச் சுவர்களுக்குத் தாங்கல் கொடுப்பதுண்டு. சிறிது நேரம் ஓடி நிற்கும் எஞ்ஜினுக்கு அது தகும். நாட்கணக்கில் ஓடும் படகு எஞ்ஜினில் அது குளிர்ச்சியைக் கெடுக்கும். படகுக்கு ஏற்றது ஸ்லீவ் இடுதல்: பிளாக்கைக் குடைந்து, சூடாக்கி, குளிர்விக்கப்பட்ட வார்ப்பிரும்புக் குழாயை இறுக்கமாகச் செலுத்தி, துளையை மீண்டும் மூல அளவுக்கே கொண்டுவருவது. பழைய அளவுப் பிஸ்டனையே பயன்படுத்தலாம். இறுக்கம் குறைந்தால் இரண்டிற்கும் இடையே உஷ்ணம் கடப்பது தடைப்படும் என்பதை மறக்கலாகாது. கழற்றி மாற்றக்கூடிய லைனர் உள்ள எஞ்ஜின்களில் இந்தத் தொல்லை இல்லை.

ஹெட் போல்டுகளை முடுக்கும்போது துளை சிறிது கோணும். எனவே ஹெட்டுக்குப் பதிலாகக் கனத்த இரும்புத் தகட்டைக் கேஸ்கெட்டுடன் உரிய விசையில் முடுக்கி வைத்தே கடைசி ஹோனிங் வேலையைச் செய்ய வேண்டும்.

இந்திய-நார்வேத் திட்டத்தின் தலைமையிடம் 1963-இல் எர்ணாகுளத்துக்கு மாறியது. அதே ஆண்டில் அங்கே தொடங்கிய மத்திய மீன்பிடித் தொழிலாளர் பயிற்சி நிலையம் இன்று ஸிஃப்நெட் என வழங்குகிறது. படகு எஞ்ஜின் இயக்குவோருக்கு அது பயிற்சியளித்து வருகிறது. கள ஊழியர்கள் ஒன்று செய்யலாம்: ஒவ்வோர் உருளையின் விட்டத்தையும் சுவர்க் கனத்தையும் படகின் பதிவேட்டில் எழுதி வைக்குமாறு உரிமையாளரைக் கேட்டுக்கொள்ளலாம். அடுத்த தடைக்காலத்தில் வேறொரு பட்டறைக்குச் சென்றாலும், எவ்வளவு இரும்பு மீதமிருக்கிறது என்பது அதைப் பார்த்தே தெரிந்துவிடும்.