ஒன்றியத்திலிருந்து விலகுதல்: பிரிட்டனின் அனுபவம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நாடுகள் பல ஒன்றுகூடிப் பொருளாதார ஒன்றியங்களை அமைத்துக் கொள்வது உலகெங்கும் காணப்படும் போக்காக இருந்து வந்துள்ளது. அவ்வாறு சேர்வதால் விளையும் நன்மை தீமைகளைப் பொருளியல் அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஆனால் சேர்ந்த நாடு விலகினால் என்ன நிகழும் என்பதற்கு அண்மைக் காலம் வரை போதிய சான்று கிடைக்கவில்லை. பிரிட்டனின் விலகல் அக்குறையைப் போக்கியுள்ளது. 1973 ஜனவரி 1ஆம் தேதி ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் உறுப்பினரான அந்நாடு, 47 ஆண்டுகள் கழித்து, 2020 ஜனவரி 31ஆம் தேதி ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. டென்மார்க்கின் ஆளுகைக்குட்பட்ட கிரீன்லாந்து, மீன்பிடி உரிமையை முன்னிட்டு 1985இல் விலகியதுண்டு. எனினும் முழு உறுப்பினராக இருந்த நாடு ஒன்று விலகியது இதுவே முதல் முறையாகும்.

இத்தகைய ஒன்றியத்தை விட்டு ஒரு நாடு விலகலாமா? எல்லா நாடுகளுக்கும் எல்லாக் காலங்களுக்கும் பொருந்தும் விடை இதற்கு இல்லை. ஆயினும், அவ்வினாவை எவ்வாறு எடை போடுவது என்பதை பிரிட்டனின் அனுபவத்திலிருந்து நாம் அறிந்து கொள்ளலாம்.

ஒன்றியத்தின் தன்மை

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக் கொள்ளுதல் நலம். நமது அரசியலமைப்பின் முதல் விதி, இந்தியா மாநிலங்களின் ஒன்றியமாகும் என்று கூறுகிறது. இவ்வொன்றியம் அரசியலமைப்பால் உருவானது. இதிலிருந்து பிரிந்து செல்லும் உரிமை எந்த மாநிலத்துக்கும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியமோ இறையாண்மை பெற்ற நாடுகள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கைகளால் உருவானது. லிஸ்பன் உடன்படிக்கை 2009இல் நடைமுறைக்கு வந்தபோது, விலக விரும்பும் நாடு பின்பற்ற வேண்டிய முறை அதன் 50ஆம் விதியில் வெளிப்படையாகவே வகுக்கப்பட்டது. அதன்படி, விலகும் எண்ணத்தை அறிவித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் விலகல் ஒப்பந்தம் முடிவாக வேண்டும். உறுப்பு நாடுகள் அனைத்தும் இசைந்தால் மட்டுமே இக்காலக்கெடுவை நீட்டிக்க முடியும்.

பொருளாதார இணைப்பில் படிகள் பல உள்ளன. தடையற்ற வாணிபப் பகுதியில் உறுப்பு நாடுகள் தமக்கிடையே சுங்கத் தீர்வையை நீக்கிக் கொள்கின்றன. வெளிநாடுகளின் மீது ஒவ்வொன்றும் தனித்தனியே தீர்வை விதிக்கின்றன. சுங்க ஒன்றியத்தில் வெளிநாட்டுப் பொருள்களின் மீதான தீர்வையும் பொதுவாகி விடுகிறது. அதற்கும் மேற்பட்ட படி ஒருமைச் சந்தை. அதில் பண்டங்களின் தரம், பாதுகாப்பு, தொழில் உரிமம் ஆகியவற்றைப் பற்றிய விதிகளும் பொதுவாகின்றன. பண்டம், சேவை, மூலதனம், உழைப்பு ஆகிய நான்கும் தடையின்றி எல்லை கடக்கின்றன. இதற்கும் மேலே பொது நாணயம் உள்ளது.

ஒவ்வொரு படியிலும் வாணிபத்துக்குரிய தடை குறைகிறது. அதே அளவில், தனித்து முடிவெடுக்கும் உரிமையும் குறைகிறது. விலகும் நாட்டின் நிலை இதற்கு நேர்மாறானது. உரிமை திரும்பி வரும்போது தடையும் உடன் வருகிறது. ஆகவே, விலகுவதா என்பதைப் போலவே எந்தப் படி வரை இறங்குவது என்பதும் முக்கியமான வினாவாகும்.

உறவின் வரலாறு

1957 மார்ச் 25ஆம் தேதி பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் ரோம் உடன்படிக்கையில் கையெழுத்திட்டபோது பிரிட்டன் ஒதுங்கி நின்றது. 1961இல் அது செய்த விண்ணப்பத்தை பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் டி கால் 1963இல் மறுத்தார். 1967இல் செய்த இரண்டாவது விண்ணப்பமும் அவராலேயே தடைப்பட்டது. இறுதியில் பிரதமர் எட்வர்டு ஹீத்தின் ஆட்சியில்தான், அயர்லாந்து, டென்மார்க் ஆகியவற்றுடன் பிரிட்டனுக்கு இடம் கிடைத்தது.

அன்று இந்தியாவுக்கும் இதில் அக்கறை இருந்தது. 1932ஆம் ஆண்டின் ஒட்டாவா ஒப்பந்தங்களால் தொடங்கிய காமன்வெல்த் தீர்வைச் சலுகை, பிரிட்டன் ஐரோப்பியப் பொதுத் தீர்வையை ஏற்றதால் படிப்படியாக மறைந்தது. நமது ஏற்றுமதியாளர்களின் நலனை முன்னிட்டு, 1973இல் இந்தியா ஐரோப்பியச் சமூகத்துடன் வாணிப ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. ஒரு நாடு ஒன்றியத்தில் சேர்வதோ விலகுவதோ, அதனுடன் வாணிபம் செய்யும் மூன்றாம் நாடுகளையும் தொடும் என்பதற்கு இது சான்றாகும்.

சேர்ந்த இரண்டே ஆண்டுகளில், 1975 ஜூன் 5ஆம் தேதி, நீடிப்பதா என்பது மக்கள் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. 67 சதவீதத்தினர் நீடிக்க இசைந்தனர். ஆனால் மனக்குறை தீரவில்லை. ஒன்றியத்துக்குச் செலுத்தும் தொகை மிகுதி என்ற முறையீட்டின் பேரில் 1984இல் மார்கரெட் தாட்சர் கழிவு பெற்றார். பொது நாணயத்தில் சேராதிருக்கும் விலக்கு 1992ஆம் ஆண்டின் மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையில் அளிக்கப்பட்டது.

இரு தரப்பு வாதங்கள்

விலக வேண்டும் என்றோரின் முதல் வாதம் இறையாண்மை பற்றியது. ஒன்றியத்தின் சட்டம் உள்நாட்டுச் சட்டத்துடன் முரண்பட்டால் ஒன்றியத்தின் சட்டமே மேலோங்கும். ஸ்பானியர்கள் தம் மீன்பிடிப் படகுகளை பிரிட்டனில் பதிவு செய்து அந்நாட்டின் மீன் பங்கைப் பெறுவதைத் தடுக்க 1988இல் இயற்றப்பட்ட வணிகக் கப்பல் சட்டத்தின் செயற்பாட்டை, 1990இல் பிரபுக்கள் சபையே நீதிமன்றம் என்ற முறையில் நிறுத்தி வைத்தது. நாடாளுமன்றமே தலையாயது என்ற மரபில் ஊறிய ஒரு நாட்டில் இது ஆழ்ந்த கலக்கத்தை ஏற்படுத்தியதில் வியப்பில்லை. தம்மை ஆளும் விதிகளை இயற்றுவோரைத் தேர்தலில் மாற்றும் ஆற்றல் மக்களுக்கு இருத்தல் வேண்டும் என்பது, பணத்தால் மட்டும் அளந்துவிடத் தக்க கோரிக்கையன்று.

இரண்டாவது வாதம் குடியேற்றம் பற்றியது. 2004இல் பத்து நாடுகள் புதிதாகச் சேர்ந்தபோது பிரிட்டன், அயர்லாந்து, சுவீடன் ஆகிய மூன்று மட்டுமே அவற்றின் தொழிலாளருக்கு உடனடியாகக் கதவைத் திறந்தன. அதன் பின் போலந்து முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் தொகை எதிர்பார்ப்பை மிகவும் விஞ்சியது. மூன்றாவது, பணம். வாரந்தோறும் 35 கோடி பவுன் ஒன்றியத்துக்குச் செல்வதாக விலகல் தரப்பினர் பிரசாரம் செய்தனர். கழிவையும் திரும்பி வரும் மானியங்களையும் நீக்காமல் கூறப்பட்ட தொகை அது என்பதால், மக்களைத் தவறான எண்ணத்துக்கு உள்ளாக்குவது என அந்நாட்டுப் புள்ளிவிவர ஆணையம் அதனைக் கண்டித்தது.

நீடிக்க வேண்டும் என்றோர், பிரிட்டனின் ஏற்றுமதியில் 40 சதவீதத்துக்கு மேல் ஒன்றிய நாடுகளுக்கே செல்வதைச் சுட்டிக் காட்டினர். விலகிய பின்னும் அங்கு விற்க வேண்டுமானால் அங்குள்ள விதிகளுக்கு உட்பட்டே ஆக வேண்டும். அவ்விதிகளை வகுக்கும் அவையில் மட்டும் இடம் இராது என்பது அவர்களுடைய வலுவான வாதமாகும்.

ஒரு வினா, பல விடைகள்

2016 ஜூன் 23ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில் 51.9 சதவீதத்தினர் விலகவும் 48.1 சதவீதத்தினர் நீடிக்கவும் வாக்களித்தனர். இங்கிலாந்தும் வேல்ஸும் விலகலை ஆதரித்தன. ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் எதிர்த்தன.

வாக்குச் சீட்டு, நீடிப்பதா விலகுவதா என்று மட்டுமே வினவியது. விலகிய பின் அமைய வேண்டிய உறவைப் பற்றி அதில் எதுவும் இல்லை. மாதிரிகளோ பல இருந்தன. நார்வே ஒன்றியத்தில் சேராமலே ஒருமைச் சந்தையில் பங்கு பெறுகிறது. அதற்கு ஈடாக விதிகளை ஏற்கிறது, பணமும் செலுத்துகிறது, ஆனால் வாக்குரிமை இல்லை. துருக்கி சுங்க ஒன்றியத்தில் மட்டும் இணைந்துள்ளது. சுவிட்சர்லாந்து துறை துறையாக ஒப்பந்தங்கள் செய்து கொண்டுள்ளது. இவை எதுவுமின்றி, உலக வாணிப நிறுவனத்தின் பொது விதிகளை மட்டும் நம்பி இருக்கவும் வழியுண்டு. விலக வாக்களித்த 1.74 கோடிப் பேரில் இவற்றுள் எதனை எத்தனை பேர் விரும்பினர் என்பதை அவ்வாக்கெடுப்பைக் கொண்டு அறிய இயலாது.

இக்குறையின் விளைவு விரைவில் வெளிப்பட்டது. 2017 மார்ச் 29ஆம் தேதி 50ஆம் விதியின்படி அறிவிப்பு கொடுக்கப்பட்டது. பிரதமர் தெரசா மே கொணர்ந்த விலகல் ஒப்பந்தத்தை 2019இல் மக்கள் சபை மூன்று முறை நிராகரித்தது. முதல் முறை அதற்கு ஆதரவாக 202 வாக்குகளும் எதிராக 432 வாக்குகளும் விழுந்தன. எதிர்த்தோரில் நீடிக்க விரும்பியவர்களும் இருந்தனர். இன்னும் முழுமையாக விலக விரும்பியவர்களும் இருந்தனர். எதனை விடுவது என்பதில் பெரும்பான்மை இருந்தது. எதனை ஏற்பது என்பதில் பெரும்பான்மை இல்லை.

அயர்லாந்து எல்லை

இச்சிக்கல் முழுவதும் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் எல்லையில் வந்து குவிந்தது. வட அயர்லாந்து பிரிட்டனின் பகுதி. அயர்லாந்துக் குடியரசு ஒன்றியத்தின் உறுப்பினர். பல ஆண்டுகள் நீடித்த வன்முறைக்கு முடிவு கட்டிய 1998ஆம் ஆண்டின் பெல்ஃபாஸ்ட் ஒப்பந்தத்துக்குப் பின், காவல் சாவடிகள் அகற்றப்பட்டு அவ்வெல்லை வெறும் கோடாயிற்று. இருபுறமும் ஒரே சந்தையாக இருந்தவரை சுங்கச் சோதனைக்கும் தேவை எழவில்லை.

சுங்க ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகினால் சோதனை எங்கேனும் நடந்தாக வேண்டும். 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வருமுன் நமது மாநில எல்லைச் சோதனைச் சாவடிகளில் லாரிகள் வரிசையாகக் காத்து நின்றதைக் கண்டவர்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். அயர்லாந்து எல்லையில் சாவடி அமைத்தால் அமைதி குலையும். கடலில் அமைத்தால் பிரிட்டன் தன் நாட்டுக்குள்ளேயே சுங்க எல்லை வகுத்ததாகும். எங்கும் அமைக்காதிருக்க வேண்டுமானால் நாடு முழுவதும் ஒன்றியத்தின் விதிகளைத் தொடர வேண்டும். மூன்றும் விரும்பத்தகாதவையே, எனினும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. முடிவில் கடலே தேர்ந்தெடுக்கப்பட்டது. அதனால் வட அயர்லாந்து அரசியலில் எழுந்த கசப்பைத் தணிக்க 2023இல் வின்ட்சர் ஏற்பாடு என்ற திருத்தம் தேவைப்பட்டது.

விளைவுகள்

2020 டிசம்பர் 24ஆம் தேதி இரு தரப்பும் வாணிப ஒத்துழைப்பு உடன்பாட்டுக்கு வந்தன. அதன்படி, பண்டங்கள் இரு தரப்பு நாடுகளில் உற்பத்தியானவை என நிறுவப்பட்டால் அவற்றுக்குச் சுங்கத் தீர்வை இல்லை. ஆனால் சுங்கப் படிவங்கள், கால்நடைப் பொருள்களுக்கான நலச் சான்றிதழ்கள், உற்பத்தி நாட்டுச் சான்றுகள் ஆகியவை புதிதாக வந்து சேர்ந்தன. பெரிய நிறுவனங்கள் இதற்கெனத் தனிப் பிரிவு வைத்துக் கொள்ளலாம். மாதம் ஓரிரு பெட்டிகள் அனுப்பும் சிறு உற்பத்தியாளருக்கோ அச்செலவே இலாபத்தை விழுங்கி விடக்கூடும்.

கோவிட் பெருந்தொற்றும் 2022இல் மூண்ட உக்ரேன் போரும் இடையில் வந்தமையால், விலகலின் விளைவை மட்டும் பிரித்தறிவது எளிதன்று. எனினும், அந்நாட்டின் வரவு செலவுத் திட்டப் பொறுப்பு அலுவலகம், ஒன்றியத்தில் நீடித்திருந்தால் இருக்கக்கூடிய நிலையுடன் ஒப்பிடுகையில், நீண்ட காலத்தில் உற்பத்தித் திறன் 4 சதவீதம் குறையும் என்றும், ஏற்றுமதி இறக்குமதி இரண்டும் 15 சதவீதம் குறையும் என்றும் மதிப்பிட்டது. இது திடீர் வீழ்ச்சியன்று; ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைந்து கூடும் இழப்பு. ஒன்றியத்துக்குத் தர வேண்டிய நிலுவைக் கடப்பாடுகளுக்காகவும் ஏறத்தாழ 3,000 கோடி பவுன் பொறுப்பேற்க நேர்ந்தது.

மறுபுறம், தன் விருப்பம்போல் வாணிப ஒப்பந்தம் செய்யும் உரிமை திரும்பியது. பசிபிக் வட்டாரக் கூட்டு வாணிப ஒப்பந்தத்தில் 2024 டிசம்பரில் பிரிட்டன் இணைந்தது. இந்தியாவுடன் விரிவான பொருளாதார வாணிப ஒப்பந்தம் 2025 ஜூலை 24ஆம் தேதி கையெழுத்தாயிற்று. ஒன்றியத்தில் இருந்திருந்தால் இவ்விரண்டையும் பிரிட்டன் தனித்துச் செய்திருக்க முடியாது.

குடியேற்றத்தில் விளைவு எதிர்பார்ப்புக்கு மாறாக அமைந்தது. ஐரோப்பியர் வருகை குறைந்தது. ஆனால் மருத்துவமனைகளுக்கும் முதியோர் பராமரிப்புக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் ஆட்கள் தேவைப்பட்டனர். இந்தியா, நைஜீரியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோரால் 2023ஆம் ஆண்டு ஜூன் வரையிலான ஓராண்டின் நிகரக் குடியேற்றம் 9 லட்சத்தைத் தாண்டியது. விதிகள் கடுமையாக்கப்பட்ட பின்னரே அது இறங்கியது. கட்டுப்படுத்தும் அதிகாரம் கைக்கு வந்தது உண்மை. தேவை என்ற கட்டாயம் அதனால் மறைந்துவிடவில்லை.

மீன்பிடித் தொழில் மற்றோர் எடுத்துக்காட்டு. தம் கடல் முழுவதும் தமக்கே உரியதாகும் என்று மீனவர்கள் நம்பினர். பிடிக்கும் மீனில் பெரும்பங்கை ஐரோப்பியச் சந்தையில் விற்றாக வேண்டிய நிலையில், ஐரோப்பியப் படகுகளுக்கு இடமளிக்க நேர்ந்தது. 2025ஆம் ஆண்டின் உடன்பாட்டால் அவ்வனுமதி 2038 வரை நீண்டுள்ளது.

நாம் அறிய வேண்டியவை

பிரிட்டனின் முடிவு சரியா தவறா என்பதை அந்நாட்டு மக்களே தீர்மானிக்க வேண்டும். ஆண்டுக்கு இத்தனை பவுன் குறைந்தாலும் தன் சட்டத்தைத் தானே இயற்றும் உரிமை மேலானது என்று ஒருவர் கருதினால், அதனைப் பொருளியல் கணக்கால் மறுக்க முடியாது. ஆனால் அவ்விலை எவ்வளவு, அதனைச் செலுத்துவோர் யார் என்பதை அவர் முன்னரே அறிந்திருக்க வேண்டும். அதனைக் கணக்கிட்டு எடுத்துரைப்பது ஆட்சியாளரின் கடமையாகும். பிரிட்டனில் இக்கணக்கின் பெரும்பகுதி வாக்கெடுப்புக்குப் பின்னரே போடப்பட்டது. அதனால் நான்கு ஆண்டுகள் தடுமாற்றத்தில் கழிந்தன.

உடன்படிக்கையால் சேர்ந்த நாட்டுக்கு விலகும் உரிமை உண்டு. எனினும் அரை நூற்றாண்டுக் காலம் தொழிற்சாலைகளும் துறைமுகங்களும் குடும்பங்களும் அவ்வுறவை நம்பி அமைந்திருக்கும்போது, விலகுவோமா என்று மக்களைக் கேட்குமுன், விலகிய மறுநாள் எல்லையில் நிற்கும் லாரிக்கு எந்த விதி பொருந்தும் என்பதற்கு விடை ஆயத்தமாக இருத்தல் வேண்டும். வாணிப உடன்படிக்கைகளை ஆராயும் மாணவரும் அவற்றை நிறைவேற்றும் அலுவலரும் மனத்தில் இருத்தத் தக்க பாடம் இதுவே.