அரியலூர் வட்டாரச் சுற்றுலா இடங்கள்

அரியலூர் வட்டாரச் சுற்றுலா இடங்கள் என்பன தமிழ்நாட்டின் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் அமைந்துள்ள காணத்தக்க இடங்களாகும். அரியலூர் மாவட்டம் 2001-இல் பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு, 2002-இல் மீண்டும் அதனுடன் இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் தனி மாவட்டமானது. எனவே பழைய நூல்களில் இவ்விடங்களைப் பெரம்பலூர் அல்லது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் கீழ்த் தேட வேண்டியிருக்கும்.

கடல் இருந்த நிலம்

சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரீத்தேசியக் காலத்தில், இப்பகுதியைக் கடல் மூடியிருந்தது. அக்கடலின் படிவுகளே இங்குள்ள சுண்ணாம்புக்கல் பாறைகள். சுருள் ஓடுடைய அம்மோனைட்டுகள், சிப்பிகள் முதலியவற்றின் எச்சங்கள் இன்றும் ஓடைகளிலும் சுரங்கங்களிலும் கிடைக்கின்றன. வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் இவற்றைக் காணலாம். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று பாதுகாக்கப்படுகிறது. இதனை 1940-இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். கரையோரத்தில் வளர்ந்த மரம் கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டு, அடிமண்ணில் புதைந்து கல்லாக மாறியது.

சுண்ணாம்புக்கல் சிமெண்ட் ஆலைகளின் மூலப்பொருளும் ஆகும். ஆதலால் எச்சங்களை வெளிக்கொணரும் சுரங்கத் தொழிலே அவற்றை அரைத்தும் விடுகிறது. கல்லமேட்டில் கிடைத்து 1980களில் விவரிக்கப்பட்ட புருகத்கயோசாரசு என்னும் பெரும் தொன்மாவின் எலும்புகளோ பருவமழை ஈரத்தில் உதிர்ந்து அழிந்தன. உலகின் மிகப் பெரிய தொன்மாக்களுள் ஒன்றாக அது சொல்லப்பட்டாலும், படங்களையும் குறிப்புகளையும் கொண்டு அதனை உறுதிசெய்தல் அரிது. பயணிகள் எச்சங்களைப் பெயர்த்தெடுக்காது பார்த்துச் செல்வதே நன்று.

கங்கைகொண்ட சோழபுரம்

செயங்கொண்டத்திற்கு அருகிலுள்ள இவ்வூர், முதலாம் இராசேந்திர சோழனால் கங்கைப் படையெடுப்பின் நினைவாக அமைக்கப்பட்டு, ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழர் தலைநகராக விளங்கியது. இங்குள்ள சிவன் கோயில் 2004-இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. அதன் விமானம் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை விடச் சற்றுத் தாழ்ந்தது. நேர்கோடாக எழாமல் உள்வளைந்து எழுவது. சண்டேசுவரருக்கு இறைவன் மாலை சூட்டும் சிற்பத்தைக் காணாமல் திரும்பலாகாது. மதிற்சுவர் பெரிதும் அழிந்துள்ளமைக்குக் காரணம் உண்டு: 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டுவதற்காக இங்கிருந்து கற்கள் பெயர்த்துச் செல்லப்பட்டன. அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் அகழாய்வில் வெளிப்பட்ட செங்கல் அடித்தளங்கள் உள்ளன.

பிற இடங்கள்

ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயில் வீரமாமுனிவருடன் தொடர்புடையது. கரைவெட்டி ஏரி, மேட்டூர் அணை நீர் கால்வாய் வழியே வந்து நிரம்பும் பறவைகள் காப்பகம். 2024-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகளைக் காண நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலம் ஏற்றது. நீர் வற்றிய கோடையில் சென்றால் ஏமாற்றமே மிஞ்சும்.