ஏழாவது சுற்றில் காணாமல் போன பலூன்

பொழுதுபோக்காகப் பறக்கவிடப்படும் சின்னஞ்சிறு பலூன்கள் உலகையே வலம் வருகின்றன. ஆனால் 2023க்குப் பிறகு ஆகாயம் அவற்றைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறது.

பிப்ரவரி 10, 2023. அலாஸ்காவின் மேற்குக் கரையோரம், ஹேக்மைஸ்டர் தீவுக்கு அருகே, சுமார் 39,000 அடி உயரத்தில் வெள்ளி நிற பலூன் ஒன்று மிதந்துகொண்டிருந்தது. அதன் விட்டம் மூன்றடிகூட இல்லை. அதிலிருந்து தொங்கிய டிரான்ஸ்மிட்டரின் எடை 16 கிராம் சொச்சம். பிற்பகலில் அது தன் இருப்பிடத்தை ஒரு முறை அறிவித்தது. அதன் பிறகு பேசவே இல்லை.

அதைப் பறக்கவிட்டவர்கள் அமெரிக்காவில் வடக்கு இல்லினாய் பகுதியைச் சேர்ந்த 'பாட்டில்கேப் பலூன் பிரிகேட்' என்ற பொழுதுபோக்குக் குழுவினர். 2022 அக்டோபர் 10 அன்று புறப்பட்ட பலூன் அது. உலகை ஆறு முறை சுற்றி முடித்து ஏழாவது சுற்றில் இருந்தது. மொத்தம் 123 நாட்கள், 18 மணி நேரம். இருட்டினால் மௌனமாகி, வெயில் வந்தால் விழித்துக்கொள்வது அதன் வழக்கம். எனவே ஒரு நாள் குரல் கேட்காவிட்டால் யாரும் உடனே பதறுவதில்லை. மறுநாளுக்காகக் காத்திருப்பார்கள்.

ஆனால் மறுநாள் வந்தது வேறு செய்தி. கனடாவின் யூகான் பிரதேசத்துக்கு மேலே, சுமார் 40,000 அடி உயரத்தில் பறந்த 'அடையாளம் தெரியாத பொருள்' ஒன்றை அமெரிக்காவின் எஃப்-22 போர் விமானம் சுட்டு வீழ்த்தியிருந்தது. காற்றின் போக்கை வைத்துக் கணக்கிட்டால், காணாமல் போன பலூனும் அன்று யூகானுக்கு மேலேதான் இருந்திருக்க வேண்டும். பயன்படுத்தப்பட்ட சைட்விண்டர் ஏவுகணையின் விலை 4 லட்சம் டாலருக்கு மேல். இத்தகைய குட்டி பலூன் ஒன்றுக்கு ஆகும் செலவோ 12 டாலரிலிருந்து 180 டாலருக்குள்.

சுடப்பட்டது அந்த பலூன்தானா? குழுவினர் அப்படி உரிமை கொண்டாடவில்லை. பலூன் காணாமல் போய்விட்டது என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். பிப்ரவரி 16 அன்று பேசிய அதிபர் ஜோ பைடன், அந்த வாரம் வீழ்த்தப்பட்ட மூன்று பொருட்களும் தனியார் நிறுவனங்கள், பொழுதுபோக்காளர்கள் அல்லது ஆய்வு நிறுவனங்களின் பலூன்களாகவே இருக்கக்கூடும் என்றார். அடுத்த நாள் தேடுதல் கைவிடப்பட்டது. பனி மூடிய யூகானிலிருந்து ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை.

இந்தக் களேபரத்துக்குக் காரணம் வேறொரு பலூன். சுமார் 200 அடி உயரமுள்ள சீன பலூன் ஒன்று அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்து, பிப்ரவரி 4 அன்று தென் கரோலினா கடற்கரைக்கு அப்பால் வீழ்த்தப்பட்டது. வேகமாக வரும் விமானங்களையும் ஏவுகணைகளையும் கண்டுபிடிக்க வேண்டிய ரேடார்கள், மெதுவாக நகரும் சிறு பொருட்களைப் பொதுவாக வடிகட்டி ஒதுக்கிவிடும். சீன பலூனுக்குப் பிறகு அந்த வடிகட்டியைத் தளர்த்தினார்கள். அதுவரை கண்ணில் படாதவை எல்லாம் திடீரென்று திரையில் தோன்றத் தொடங்கின.

இத்தனை சிறிய பலூன் மாதக் கணக்கில் பறப்பது எப்படி? வானிலை ஆய்வாளர்கள் விடும் ரப்பர் பலூன் உயரே போகப் போக உப்பிக்கொண்டே போகும். வினாடிக்கு சுமார் ஐந்து மீட்டர் வேகத்தில் ஏறி, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்துவிடும். பிறகு கருவியை பாராசூட் இறக்கும். இரண்டு, மூன்று மணி நேரத்தில் கதை முடிந்தது. உலகம் சுற்றும் பலூன் ரகமே வேறு. பளபளக்கும் மைலார் உறை ரப்பரைப் போல விரிவதில்லை. தரையில் அதைத் தொளதொளவென்று, பாதி நிரம்பியது போலத்தான் விடுவார்கள். மேலே அழுத்தம் குறையும்போது உள்ளிருக்கும் வாயு விரிந்து உறை விறைத்துக்கொள்ளும். அது விலக்கும் காற்றின் எடையும் அதன் மொத்த எடையும் சமமாகும் உயரத்தில் ஏற்றம் நின்று மிதக்கும். பிறகு ஜெட் காற்றோட்டம் இழுத்துச் செல்லும் வழிதான் அதன் வழி.

இதில் கிராம் கணக்குப் பிசகக்கூடாது. வாயு கூடினால் உயரே உறை கிழியும். குறைந்தால் மேகத்தில் ஈரமும் பனியும் படிந்து கீழே வந்துவிடும். பேட்டரி வைத்தால் கனம். கொடுங்குளிரில் அது உழைப்பதும் அரிது. அதனால்தான் மெல்லிய சூரிய மின்தகடுகளே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். இரவு மௌனம் அதற்குக் கொடுக்கும் விலை.

சில மில்லிவாட் சக்தியில் எழும் குரலைக் கண்டம் விட்டுக் கண்டம் கேட்க முடிவதற்கு ஒரு நோபல் விஞ்ஞானிக்கு நன்றி சொல்ல வேண்டும். இரட்டை நட்சத்திர பல்சரைக் கண்டுபிடித்ததற்காக 1993இல் ரஸ்ஸல் ஹல்ஸுடன் பரிசு பெற்ற ஜோசப் டெய்லர், ஹாம் ரேடியோ ஆர்வலரும்கூட. 2008இல் அவர் வெளியிட்ட 'விஸ்பர்' என்ற முறையில், அழைப்புக் குறி, உலக வரைபடத்தில் இருக்கும் கட்டம், ஒலிபரப்பின் சக்தி ஆகிய மூன்று தகவல்கள் மட்டுமே செல்கின்றன. அதற்கே ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகும். நிதானமாகப் பேசுவதால்தான் இரைச்சலுக்கு அடியிலும் அது காதில் விழுகிறது. உலகெங்கும் தங்கள் வீட்டில் ரிசீவரைத் திறந்து வைத்திருக்கும் ஹாம்கள் அதைப் பிடித்துப் பொதுப் பட்டியலில் சேர்க்கிறார்கள். பலூன் யாருடையது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. முன்பின் அறியாதவர்களின் காதுகளை நம்பித்தான் பலூன் பயணம் போகிறது.

இந்தப் பொழுதுபோக்கின் அமெரிக்க முன்னோடிகளில் ஒருவர் பில் பிரௌன். 1987 ஆகஸ்ட் 15 அன்று ஒஹையோ மாநிலத்தின் ஃபிண்ட்லே நகரிலிருந்து ஹாம் டிரான்ஸ்மிட்டரோடு பலூன் ஒன்றை அவர் அனுப்பினார். ரப்பர் பலூன் விடுபவர்களுக்குத் துரத்துவதில்தான் பாதி சுகம். காற்றுக் கணிப்பைப் பார்த்து விழும் இடத்தை ஊகித்து, காரில் விரைந்து, கடைசியில் சோளக் காட்டிலோ மரக்கிளையிலோ தர்மோகோல் பெட்டியைத் தேடி அலைவார்கள். ஜி.பி.எஸ். வந்த பிறகு தேடுவது சுலபமாயிற்று. ஆனால் அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஏவுகணைகளுக்குப் பயன்பட்டுவிடக்கூடாது என்பதற்காக, சில ஜி.பி.எஸ். கருவிகள் 18 கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டியதும் வேலை நிறுத்தம் செய்துவிடும். வாங்கும்போதே பார்த்து வாங்க வேண்டும்.

இந்தியாவில் பெரிய ஆய்வு பலூன்களின் முகவரி ஹைதராபாத். அங்குள்ள டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் பலூன் தளத்திலிருந்து ராட்சத பாலித்தீன் பலூன்கள் கருவிகளோடு கிளம்புகின்றன. எங்கேனும் பெட்டி விழுந்தால் தொடாமல் காவல் நிலையத்துக்குத் தகவல் தருமாறு சுற்று மாவட்ட மக்களிடம் முன்கூட்டியே வேண்டுகோள் விடுக்கப்படுகிறது. அப்படியும் 2025 ஜனவரியில் கர்நாடகத்தின் பீதர் மாவட்டத்தில் ஜலசங்கி கிராமத்து வீடு ஒன்றின் மேல் பலூன் வந்து விழுந்தபோது ஊரே கலங்கிப்போனது. அதோடு இருந்த கடிதம்தான் விஷயத்தை விளக்கியது. தனியார் ஆர்வலர் பலூன் விட நினைத்தால், ரேடியோவுக்கு ஹாம் உரிமம், பறப்பதற்கு விமானப் போக்குவரத்து அதிகாரிகளின் அனுமதி என இரண்டு கதவுகளைத் தட்ட வேண்டும்.

அதிகாரிகளின் கவலை வெறும் கற்பனையல்ல. 2025 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்கு மேலே, 36,000 அடி உயரத்தில் பறந்த போயிங் 737 விமானத்தின் முன்கண்ணாடி மீது தனியார் நிறுவனம் ஒன்றின் வானிலை பலூன் மோதியது. சிதறிய கண்ணாடித் துண்டுகள் விமானிக்குக் காயம் ஏற்படுத்தின. புறப்படும்போது அந்த பலூனின் எடை ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். இல்லினாய் குழுவின் டிரான்ஸ்மிட்டரைவிட அது அறுபது மடங்குக்கும் மேல் கனமானது.

2024 மே மாதம் அமெரிக்காவில் நிறைவேறிய விமானப் போக்குவரத்துச் சட்டம், உயரே பறக்கும் பலூன்கள் இடைவிடாமல் தங்கள் இருப்பிடத்தையும் அடையாளத்தையும் அறிவிக்கும் ஏற்பாடு பற்றி ஆராய ஒரு குழு அமைக்கச் சொன்னது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கிலோக் கணக்கில் சுமக்கும் பலூனுக்கு ஒரு பேட்டரி பெரிய பாரமில்லை. இரவிலும் பேச வேண்டும் என்றால் தரையை விட்டே கிளம்ப முடியாதவை 16 கிராம் பலூன்கள்தான். ஆபத்து எதில் மிகக் குறைவோ அதன் மேல்தான் இந்தச் சுமை அதிகம் அழுத்தும்.

இத்தனைக்கும் அலாஸ்கா கரையில் காணாமல் போன பலூன் ஒளிந்து பறக்கவில்லை. வெயில் இருந்தவரை தன் பெயரையும் இருப்பிடத்தையும் ஊரறியச் சொல்லிக்கொண்டுதான் போனது. அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ரிசீவர் முன் இருந்தார்கள். சுடுவதா, வேண்டாமா என்று முடிவெடுத்தவர்கள் ரேடார் திரை முன் இருந்தார்கள்.