ஆடியிலும் ஓடும் சந்தா

ஆடியில் கல்யாணம் இல்லை. கோலா கங்சாரிலிருந்து சுங்கை சிப்புட் வரை, அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் நாள்களைத் தவிர, படம் எடுப்பவருக்கு அந்த மாதம் வேலை குறைவுதான். ஆனாலும் வழக்கமான தேதியில் கைப்பேசி சிணுங்கும்: உங்கள் அட்டையிலிருந்து இத்தனை வெள்ளி கழிக்கப்பட்டது. படத்தைத் திருத்தும் மென்பொருளுக்கான சந்தா அது. வருமானம் தைக்கும் ஆவணிக்கும் ஏறும், ஆடிக்கும் மார்கழிக்கும் இறங்கும். சந்தா அப்படி ஏறி இறங்காது.

'இரண்டு மாதம் நிறுத்திவைப்போம், ஆவணியில் மறுபடி சேர்ந்துகொள்ளலாம்' என்று நினைத்து ரத்துப் பொத்தானை அழுத்தும்போதுதான் பலருக்கும் தாங்கள் எதில் கையெழுத்துப் போட்டோம் என்பது தெரியவருகிறது.

லயத்து வீடு மாதிரி

2013 மே மாதம் வரை ஃபோட்டோஷாப் ஒரு பெட்டிச் சரக்கு. ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால், கணினி ஓடும்வரை ஓடும். அந்த மாதம் அதைத் தயாரிக்கும் அடோபி நிறுவனம், இனிப் புதிய பதிப்புகள் சந்தாவில் மட்டுமே கிடைக்கும் என்று அறிவித்தது. முழுவிலை கொடுத்து வாங்கக்கூடிய கடைசிப் பதிப்பு 'கிரியேட்டிவ் சூட் 6'. படக்காரர்கள் அதிகம் புழங்கும் லைட்ரூமுக்கும் இதே கதிதான். 2015இல் வந்த 6ஆம் பதிப்போடு சொந்தமாக வாங்கும் வழி அடைபடுவதாக 2017 அக்டோபரில் சொல்லிவிட்டார்கள்.

இதில் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. பழைய ஃபோட்டோஷாப்பின் விலை 699 அமெரிக்க டாலர். சிறு ஸ்டூடியோ வைத்திருப்பவர் கனவிலும் எண்ணாத தொகை. சந்தா வந்த பிறகு, மாதச் செலவில் முறையான மென்பொருளைப் பயன்படுத்த முடிந்தது.

ஆனால் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். லயத்து வீட்டில் மூன்று தலைமுறை குடியிருந்திருப்பார்கள். வாசலில் முருங்கையும் வாழையும் வைத்திருப்பார்கள். வேலையை விட்ட மாதம் வீட்டைக் காலி செய்ய வேண்டும். முருங்கை நம் கை நட்டது, மண் தோட்டத்துக்குச் சொந்தம். சந்தாவிலும் படம் நம்முடையது, அதைத் திறக்கும் கருவி வாடகைக்கு எடுத்தது.

மாதச் சந்தா போலத் தெரியும் ஆண்டு ஒப்பந்தம்

அடோபியின் சந்தாக்களில் மூன்று வகை உண்டு. மாதாமாதம் விரும்பியபடி நிறுத்தக்கூடியது ஒன்று. ஆண்டு முழுவதற்கும் முன்பணம் கட்டுவது இன்னொன்று. மூன்றாவதுதான் சிக்கலானது: ஓராண்டு ஒப்பந்தம், பணம் மட்டும் மாதாமாதம். இதில் முதல் 14 நாளைக்குள் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும். அதற்குப் பிறகு, மீதமுள்ள மாதங்களின் தொகையில் பாதியைக் கட்ட வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு. மாதம் 50 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதம் கட்டிவிட்டு நிறுத்தினால், மீதி 9 மாதத்துக்கு 450 வெள்ளி. அதில் பாதி, 225 வெள்ளி, அபராதம். ஆடிச் செலவை மிச்சம் பிடிக்கப் போனவர், நாலரை மாதச் சந்தாவை ஒரேயடியாக இழப்பார்.

இந்த அபராதத்தைச் சிறிய எழுத்துகளிலும் இணைப்புகளுக்குப் பின்னாலும் மறைத்து வைத்தார்கள், ரத்து செய்யும் வழியையும் கடினமாக்கினார்கள் என்பது அமெரிக்கக் கூட்டரசு வாணிப ஆணையத்தின் குற்றச்சாட்டு. அதன் பேரில் 2024 ஜூன் 17 அன்று கலிஃபோர்னியா நீதிமன்றத்தில் அடோபி மீது வழக்குப் பதிவானது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது.

சந்தாவோடு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு மலேசியா 2020 ஜனவரி 1 முதல் 6 விழுக்காடு சேவை வரி விதித்தது. 2024 மார்ச் 1 முதல் அது 8 விழுக்காடு.

நிறுத்தினால் படம் என்ன ஆகும்?

ஐந்து வருஷத்துக்கு முந்தைய கல்யாணப் பெண் கடைக்கு வந்து நிற்கிறார். அப்பா தவறிவிட்டார். முகூர்த்தத்தன்று அவர் பட்டு வேட்டியோடு தனியாக நின்ற படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலை சாத்த வேண்டும். படம் வன்தட்டில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் நிழலைத் தேய்த்து, நிறத்தைச் சரிசெய்து, அடுக்கடுக்காக வேலை செய்த கோப்பு ஃபோட்டோஷாப்பின் சொந்த வடிவத்தில் கிடக்கிறது. சந்தா அறுந்திருந்தால் ஃபோட்டோஷாப் திறக்காது.

லைட்ரூம் கிளாசிக்கில் நிலைமை கொஞ்சம் மேல். சந்தா முடிந்தாலும் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். திருத்தும் பகுதி பூட்டப்படும். மேகச் சேமிப்பில் மட்டுமே படங்களை வைத்திருப்பவர்களுக்குத்தான் பெரிய ஆபத்து. இலவச அளவை மிஞ்சிய கோப்புகள் ஒரு காலக்கெடுவுக்குப் பிறகு அழிக்கப்படலாம்.

ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தாலும் கருவி கைவிட்டுப் போகலாம். 2019 அக்டோபரில், அமெரிக்க அதிபரின் ஆணையைக் காட்டி, வெனிசுவேலாவில் உள்ள கணக்குகளை முடக்கப்போவதாக அடோபி அறிவித்தது. அமெரிக்க அரசு அனுமதி கொடுத்ததால் அந்த மாதக் கடைசியில் முடிவைக் கைவிட்டார்கள். இடைப்பட்ட நாள்களில் அங்குள்ள படக்காரர்கள் கோப்புகளைக் காப்பாற்ற ஓட வேண்டியிருந்தது.

மலிவாகக் கிடைத்தால் நில்லுங்கள்

சந்தா கசக்கிறதென்று பூட்டுடைத்த பதிப்பை நாடுபவர்கள் உண்டு. அது 1987 பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். கடை வைத்திருப்பவருக்கு அமலாக்க அதிகாரிகளின் சோதனையும் அபராதமும் காத்திருக்கின்றன. அந்தப் பதிப்போடு நச்சுநிரலும் கூடவே வரலாம். 'ஆயுள் சந்தா, ஒரே கட்டணம்' என்று சமூக ஊடகத்தில் விற்கப்படுவது, பல நேரங்களில் ஏதோ ஒரு நிறுவனத்தின் அல்லது கல்லூரியின் கணக்கில் ஒரு மூலை. கணக்கின் நிர்வாகி நினைத்தால் நாளைக்கே மூடலாம். ஏமாந்து பணத்தைப் பறிகொடுத்துவிட்டால் தாமதிக்காமல் வங்கிக்கும் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணுக்கும் அழையுங்கள்.

சட்டம் எதுவரை துணை வரும்?

1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விலையிலும் விளம்பரத்திலும் ஏமாற்றுவதைத் தடுக்கிறது. 2010 திருத்தத்தில், ஒருதலைப்பட்சமான ஒப்பந்த விதிகளை எதிர்க்கும் தனிப் பாகமும் சேர்க்கப்பட்டது. அபராத விதி அநியாயமானது என்று வாதாட அதில் இடம் உண்டு.

பயனீட்டாளர் உரிமை கோரும் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. பொதுவாக வழக்கறிஞர் கிடையாது, நீங்களே பேசலாம். சம்பவம் நடந்து 3 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

ஆனால் இரண்டு தடைகளை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. எதிர்த்தரப்பு வெளிநாட்டில் இருந்தால், தீர்ப்பு வாங்குவதைவிட அதை நிறைவேற்றுவது கடினம். அடுத்தது, அந்தச் சட்டத்தின் 'பயனீட்டாளர்' சொந்த, குடும்ப உபயோகத்துக்கு வாங்குபவர். பேரக்குழந்தையின் படத்தைத் திருத்தும் தாத்தா தாராளமாக அதில் அடங்குவார். தொழிலுக்காக வாங்கிய ஸ்டூடியோக்காரர் அடங்குவாரா என்பதே முதல் கேள்வியாகிவிடும்.

இன்னொரு பக்கமும் உண்டு. உங்களிடம் ஆல்பத்துக்கு முன்பணம் கொடுத்த கல்யாண வீட்டார் சந்தேகமில்லாமல் பயனீட்டாளர்கள். 'மென்பொருள் பூட்டிக்கொண்டது' என்று ஆல்பத்தை இழுத்தடித்தால், அதே மன்றத்தில் உங்கள் மீது அவர்கள் வழக்குப் போடலாம்.

செய்ய வேண்டியவை

1. சேரும் முன் எந்த வகைச் சந்தா என்று படியுங்கள். 'ஆண்டு' என்ற சொல் எங்கே இருந்தாலும் நின்று படியுங்கள். அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். புதுப்பிப்புத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே நாட்காட்டியில் குறியுங்கள்.

2. கைப்பேசிச் செயலியை அழித்தால் சந்தா நிற்காது. செயலி வழியே சேர்ந்திருந்தால், ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கில் சந்தாப் பகுதிக்குப் போய் ரத்து செய்தால்தான் நிற்கும். உறுதி மின்னஞ்சல் வரும்வரை விடாதீர்கள்.

3. ரத்து செய்த பிறகும் பணம் பிடித்தால், முதலில் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் புகார். பிறகு அட்டை கொடுத்த வங்கியில் ஆட்சேபம். வங்கியின் பதிலில் திருப்தியில்லை என்றால், 2025 ஜனவரியிலிருந்து இயங்கும் நிதிச் சந்தை குறைதீர்ப்புச் சேவையை அணுகலாம். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் இலவச எண் 1-800-886-800. தமிழில் ஆலோசனை வேண்டுவோருக்குப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது.

4. மாற்றுகளைப் பாருங்கள். கிம்ப், டார்க்டேபிள், ராதெரபி மூன்றும் காசில்லாதவை. அஃபினிட்டி மென்பொருளை 2025 அக்டோபரில் கான்வா நிறுவனம் இலவசமாக்கியது. பழகச் சில வாரம் பிடிக்கும். வேலை இல்லாத ஆடிதான் அதற்கு ஏற்ற காலம்.

5. முடிந்த ஒவ்வொரு வேலையையும் எந்தக் கணினியிலும் திறக்கும் ஜேபெக் அல்லது டிஃப் வடிவத்தில், முழு அளவில், இரண்டு வன்தட்டுகளில் வையுங்கள். அடுக்குக் கோப்பு மட்டும் போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

வரும் ஆடியில் ஒரு பிற்பகலை ஒதுக்குங்கள். பழைய கல்யாணம் ஒன்றின் கோப்புகளை வன்தட்டில் எடுத்துக்கொண்டு, அந்த மென்பொருள் இல்லாத பக்கத்து வீட்டுக் கணினியில் திறந்து பாருங்கள். திறக்காத படங்களை எல்லாம் பட்டியல் போட்டு, சந்தா உயிரோடு இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.