நள்ளிரவில் நேரம் கேட்கும் கைக்கடிகாரம்

ஜப்பானிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் ஆசையாக ஒரு கைக்கடிகாரம் வாங்கிவந்து தருகிறார். 'அணுக் கடிகாரத்தோடு சேர்ந்தது, லட்சம் வருஷமானாலும் ஒரு நொடி பிசகாது' என்று டோக்கியோ கடைக்காரர் சொன்னதை அப்படியே ஒப்பிக்கிறார். மதுரையிலோ திருச்சியிலோ அதைக் கட்டிக்கொண்டு திரிந்தவர் இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், அது இருபது நொடி முந்தி ஓடுகிறது. பொருள் போலி இல்லை. கடைக்காரர் சொன்னதும் முழுப் பொய் இல்லை. ரேடியோ கடிகாரம் எதை நம்பிப் பிழைக்கிறது என்பதை மட்டும் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

ரேடியோ கட்டுப்பாட்டுக் கடிகாரத்துக்குள் அணுவும் கிடையாது, அதிசயமும் கிடையாது. மற்ற குவார்ட்ஸ் கடிகாரங்களில் இருக்கும் அதே படிகத் துண்டுதான் இதிலும். நொடிக்கு 32,768 முறை அதிரும். அதை எண்ணி எண்ணி ஒரு நொடியை உருவாக்குகிறது ஒரு சில்லு. ஏறத்தாழ 25 டிகிரி வெப்பத்தில் சரியாக ஓடும்படி இந்தப் படிகத்தை வெட்டுகிறார்கள். அதிலிருந்து 10 டிகிரி கூடினாலும் குறைந்தாலும் நாளொன்றுக்குச் சுமார் 0.3 நொடி மெதுவாகிவிடும். தயாரிப்பாளர்களே தங்கள் கையேடுகளில், ரேடியோ சமிக்ஞை கிடைக்காவிட்டால் மாதத்துக்கு 15 நொடி முன்னோ பின்னோ போகலாம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்த வரியை யாரும் படிப்பதில்லை.

ஆக, துல்லியம் முழுக்க முழுக்க இரவல். ஒவ்வொரு நாளும் நள்ளிரவுக்குப் பிறகு, உரியவர் தூங்கும் நேரத்தில், கடிகாரம் தன் ரேடியோவைத் திறந்து சரியான நேரத்தைக் கேட்டுக்கொள்கிறது. கேட்டதும் முள்ளைத் திருத்திக்கொண்டு ரேடியோவை மூடிவிடுகிறது. மீதி நேரமெல்லாம் சாதாரணக் குவார்ட்ஸ் வாழ்க்கைதான். தினமும் திருத்திக்கொள்வதால் அரை நொடிக்கு மேல் பிசகுவதற்கு அதற்கு நேரமே கிடைப்பதில்லை.

நேரத்தைச் சொல்பவர் யார்? ஜெர்மனியில் ஃபிராங்ஃபர்ட்டுக்குப் பக்கத்தில் மைன்ஃப்ளிங்கன் என்ற ஊரில் ஒரு ஒலிபரப்பு நிலையம் இருக்கிறது. டிசிஎஃப்77 என்பது அதன் அழைப்புப் பெயர். 77.5 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகும் இது, அந்நாட்டின் அளவியல் நிறுவனமான பிடிபியின் பொறுப்பில் உள்ளது. நிலையத்திலேயே அணுக் கடிகாரங்கள் உண்டு. 1959-இல் தொடங்கிய இந்த ஒலிபரப்பில் 1973-இலிருந்து தேதியும் நேரமும் குறியீடாகச் சேர்ந்தன. பாட்டு, பேச்சு, விளம்பரம் எதுவும் கிடையாது. இரவும் பகலும் குறியீடு மட்டுமே.

அந்தக் குறியீட்டின் எளிமைதான் இதில் அழகான விஷயம். ஒவ்வொரு நொடியின் தொடக்கத்திலும் அலையின் வலு சட்டெனத் தாழும். 0.1 நொடி தாழ்ந்தால் அது 0, 0.2 நொடி தாழ்ந்தால் 1. நொடிக்கு ஒரே ஒரு இலக்கம், நிமிடத்துக்கு 59 இலக்கம். 21-ஆவது நொடியிலிருந்து நிமிடம், 29-இலிருந்து மணி, பிறகு தேதி, கிழமை, மாதம், ஆண்டின் கடைசி இரு இலக்கங்கள் என வரிசையாக வருகின்றன. கோடைக்கால நேரம் நடப்பில் உள்ளதா, அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அது மாறப்போகிறதா என்பதற்கும் தனித்தனி இலக்கங்கள் உண்டு. 59-ஆவது நொடியில் அலை தாழாது. அந்த மௌனம்தான் 'நிமிடம் முடியப்போகிறது' என்பதற்கு அடையாளம். சொல்லப்படும் நேரமும் நடக்கும் நிமிடத்துக்கு உரியதன்று, வரப்போகும் நிமிடத்துக்கு உரியது. அதனால் கடிகாரம் அறுபது நொடியும் கேட்டு முடித்து, அடுத்த நிமிடம் பிறக்கும் கணத்தில் முள்ளைச் சரியாக வைத்துவிட முடிகிறது.

நடுவில் ஓர் இலக்கத்தைத் தவறாகக் கேட்டால்? மணிக்கும் நிமிடத்துக்கும் தேதிக்கும் தனித்தனியே சரிபார்ப்பு இலக்கம் வைத்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு, கடிகாரம் தொடர்ந்து சில நிமிடங்கள் கேட்டு, ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே நம்புகிறது. நேரம் பிடிக்க 2 முதல் 7 நிமிடம் வரையும், அலை மோசமாக இருந்தால் அதற்கு மேலும் ஆவது இதனால்தான்.

இதே வேலையை ஜப்பானில் ஜேஜேஒய் என்ற பெயரில் இரண்டு மலை உச்சிகளிலிருந்து செய்கிறார்கள். ஃபுகுஷிமா மாநிலத்து ஒட்டகதோயா மலையிலிருந்து 40 கிலோஹெர்ட்ஸ், தெற்கே கியூஷு தீவின் ஹகனே மலையிலிருந்து 60 கிலோஹெர்ட்ஸ். அமெரிக்காவுக்குக் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ், பிரிட்டனுக்கு ஆன்தோர்ன், சீனாவுக்குச் சாங்சியூ. ஆக மொத்தம் ஆறு. கடிகாரத்தின் முகப்பில் 'மல்டிபேண்ட் 6' என்று எழுதியிருப்பது இந்த ஆறையும் அதனால் கேட்க முடியும் என்பதைத்தான் குறிக்கிறது.

இவை ஏன் இவ்வளவு தாழ்ந்த அலைவரிசையில் ஒலிபரப்பாகின்றன? எஃப்எம் வானொலி 100 மெகாஹெர்ட்ஸ் அருகே இயங்குகிறது. அதன் அலைநீளம் 3 மீட்டர். 40 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளமோ 7.5 கிலோமீட்டர்! இத்தனை நீண்ட அலை நிலத்தின் வளைவை ஒட்டியே தவழ்ந்து போகும். மலையும் கட்டடமும் அதற்குப் பெரிய தடையில்லை. ஒரே நிலையம் பல நாடுகளுக்குப் போதும். அதற்கேற்ற பெரிய ஆன்டெனா வேண்டும் என்பதுதான் சிக்கல். ஒட்டகதோயா மலைமேல் நிற்கும் ஆன்டெனா 250 மீட்டர் உயரம். அதுவும் அலைநீளத்தோடு ஒப்பிட்டால் குட்டைதான்.

இரவில் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. பகலில் சூரிய ஒளி வளிமண்டலத்தின் உயரத்தில் மின்னூட்டம் பெற்ற ஓர் அடுக்கை உண்டாக்குகிறது; மேலே போகும் அலையை அது உறிஞ்சிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோகிறது. அலை இன்னும் மேலே போய் எதிரொலித்துத் திரும்பிவந்து தொலைதூரத்திலும் கேட்கிறது. மத்திய அலையில் ராத்திரிகளில் இலங்கை வானொலியைத் துல்லியமாகக் கேட்ட தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மோட்டார், கணினி, மின்விளக்கு ஆகியவற்றின் இரைச்சல் இரவில் குறைவது இன்னொரு வசதி.

250 மீட்டர் ஆன்டெனா அனுப்புவதைக் கையில் கட்டிய ஒரு சிறு பொருள் வாங்க வேண்டுமே! 1990-இல் ஜெர்மனியின் யுங்ஹான்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'மெகா 1' தான் முதல் ரேடியோ கைக்கடிகாரம். அதில் ஆன்டெனாவைத் தோல் வாருக்குள் ஒளித்துவைத்தார்கள். 1993-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனம் ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளின் அலையைக் கேட்கும் கடிகாரத்தைக் கொண்டுவந்தபோது, ஆன்டெனாச் சுருள் முகப்பின் நடுவிலேயே உட்கார்ந்திருந்தது. பார்ப்பவர்களுக்கு அது விநோதமாகத்தான் இருந்திருக்கும். இப்போது காந்தத் தன்மையுள்ள சிறு தண்டில் மெல்லிய கம்பியைச் சுற்றி உள்ளே வைத்துவிடுகிறார்கள். உலோகக் கூடு அலையைத் தடுக்கும் என்பதால் நெடுநாள் பிளாஸ்டிக்கும் செராமிக்குமே ஆண்டன. முழு உலோகத்தில் ரேடியோ கடிகாரம் செய்யப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று.

இரவல் துல்லியம் எவ்வளவு பலவீனமானது என்பதை 2011 மார்ச் காட்டியது. ஃபுகுஷிமா அணுமின் நிலையம் சுனாமியில் சிதைந்தபோது, சுற்றிலும் 20 கிலோமீட்டருக்குள் இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஒட்டகதோயா மலை அந்த வட்டத்துக்குள் இருந்தது. மார்ச் 12 மாலை ஊழியர்கள் மலையிறங்க, 40 கிலோஹெர்ட்ஸ் ஒலிபரப்பு நின்றது. ஏப்ரல் 21-இல்தான் திரும்பவும் உயிர் பெற்றது. இடைப்பட்ட நாற்பது நாளில், தெற்கேயிருந்து வரும் 60 கிலோஹெர்ட்ஸை எட்டிப் பிடிக்க முடிந்த கடிகாரங்கள் பிழைத்தன. முடியாதவை வெறும் குவார்ட்ஸாக ஓடின. முள் நிற்கவில்லை, திரை அணையவில்லை. அதனால் பலருக்கு எதுவும் தெரிந்திருக்காது.

சரி, இதை எப்படிச் சரியாக வைப்பது? பெரும்பாலான புகார்களுக்குக் காரணம் ஒன்றே: ஊர். கடிகாரத்துக்கு நேரம் மட்டும் தெரிந்தால் போதாது, தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதும் தெரிய வேண்டும். எந்த நிலையத்தைத் தேட வேண்டும், எத்தனை மணி கூட்டிக் கழிக்க வேண்டும் என்பதை அது முடிவுசெய்வது ஊரை வைத்துத்தான். ஊரை டோக்கியோ என்று விட்டுவிட்டு லண்டனுக்குக் குடிபோனால், அது விடிய விடிய ஜப்பான் அலையைத் தேடிக்கொண்டிருக்கும். முதலில் ஊரை மாற்றுங்கள். கோடைக்கால நேரத்தை 'ஆட்டோ'வில் விடுங்கள்.

பிறகு, இரவில் கழற்றி ஜன்னலோரம் வையுங்கள். கேசியோ கடிகாரங்கள் பலவற்றில் ஆன்டெனா 12 மணிப் பக்கம் இருப்பதால், அந்தப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும். இரும்புப் பீரோ, டிவி, செல்போன் சார்ஜர் பக்கத்தில் வேண்டாம். நள்ளிரவிலிருந்து காலை 5 மணி வரை கேசியோ ஆறு முறை வரை முயலும். ஒருமுறை கிடைத்துவிட்டால் அன்றைக்கு அத்தோடு சரி. அவசரமென்றால் உரிய பட்டனை இரண்டு நொடி அழுத்திப் பிடித்து உடனே கேட்கச் சொல்லலாம். அந்தச் சில நிமிடங்களில் கடிகாரத்தை எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. கை ஆடினால் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

முள் வைத்த கடிகாரங்களில் இன்னொரு தொல்லை உண்டு. காந்தத்தின் பக்கத்தில் வைத்தாலோ கீழே விழுந்து அடிபட்டாலோ முள் தன் இடத்திலிருந்து நகர்ந்துவிடும். உள்ளே இருக்கும் சில்லுக்குச் சரியான நேரம் தெரியும், காட்டுகிற முள்தான் தவறு. அலை கிடைத்தது என்று கடிகாரம் சொல்லியும் நேரம் தப்பாக இருந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். முள்களை 12-க்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தும் வழி கையேட்டில் இருக்கும். அதைச் செய்தால் போதும். பழுதுபார்ப்பவரிடம் ஓட வேண்டாம்.

இப்போது மதுரைக்காரர் கதைக்கு வருவோம். இந்தியாவில் நெட்டலை நேர ஒலிபரப்பு நிலையம் கிடையாது. டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக் கடிகாரங்களால் இந்திய நேரத்தைப் பேணுகிறது. ஆனால் இந்தக் கைக்கடிகாரங்கள் கேட்கக்கூடிய அலையில் அது வருவதில்லை. பக்கத்து நிலையமான சாங்சியூ சென்னையிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கும் மேல். கேசியோ அந்த நிலையத்துக்குச் சொல்லும் எல்லையோ 1,500 கிலோமீட்டர். சிங்கப்பூர், கொழும்பு, துபாய்த் தமிழர்களுக்கும் இதே கதிதான். லண்டன், பாரிஸ், டொரன்டோவில் இருப்பவர்களுக்குக் கவலையில்லை. டொரன்டோ ஃபோர்ட் காலின்ஸிலிருந்து சுமார் 2,150 கிலோமீட்டர். அமெரிக்க நிலையத்தின் எல்லை 3,000.

இதற்கும் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஜப்பான் நிலையத்தின் குறியீட்டைப் போலி செய்யும் செயலிகள் செல்போனுக்குக் கிடைக்கின்றன. செல்போன் ஒலிபெருக்கியால் 40 கிலோஹெர்ட்ஸ் எழுப்ப முடியாது. ஆனால் அதில் மூன்றிலொரு பங்கான 13.333 கிலோஹெர்ட்ஸை உரக்க ஒலிக்கச் செய்தால், ஒலி சிதைந்து அதன் மும்மடங்கும் சேர்ந்து பிறக்கிறது. ஒலிபெருக்கிச் சுருளிலோ இயர்போன் கம்பியிலோ அந்த மின்னோட்டம் பாயும்போது மிக மெல்லிய காந்த அலை எழுகிறது. சில சென்டிமீட்டரில் வைத்த கடிகாரம் அதை ஒட்டகதோயாவிலிருந்து வந்ததாக நம்பிவிடும்! ஊரை டோக்கியோவுக்கு மாற்றி, இதைக் கேட்கவைத்து, பின்பு டெல்லிக்கு மாற்றினால் மூன்றரை மணி நேரத்தைக் கடிகாரமே கழித்துக்கொள்ளும். செல்போனில் இருக்கும் நேரம் எவ்வளவு சரியோ அவ்வளவுதான் கடிகாரமும் சரி. 'அப்படியானால் செல்போனையே பார்த்துவிட்டுப் போகலாமே' என்பவர்களுக்கு, கடிகாரப் பித்தர்களிடம் பதில் கிடையாது.

நிலையத்தை நம்பி இருக்க வேண்டாம் என்று நினைத்தவர்கள் வானத்தை நோக்கினார்கள். 2011-இல் சிட்டிசனும் 2012-இல் 'அஸ்ட்ரான்' என்ற பெயரில் செய்கோவும் செயற்கைக்கோளிலிருந்து நேரம் வாங்கும் சூரிய ஒளிக் கைக்கடிகாரங்களை வெளியிட்டன. வானம் தெரிந்தால் போதும், கன்னியாகுமரியிலும் வேலை செய்யும். விலைதான் கையைச் சுடும். ப்ளூடூத் வழியாகச் செல்போனோடு பேசி நேரம் திருத்திக்கொள்பவை அதைவிட மலிவு.

ஆகவே தமிழ்நாட்டில் இருந்துகொண்டு வாங்குபவர்கள் 'மல்டிபேண்ட் 6' என்ற எழுத்துக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். அதோடு ப்ளூடூத்தோ ஜிபிஎஸ்ஸோ சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.